குச்சி மாமனின் கடைசிப் பக்கம்

விரல் நுனியில் நீலம் ஏறிக் கிடந்த பெண்டுகளுக்காக இதை எழுதுகிறேன். இப்போது உங்கள் விரலில் நீலம் இல்லை, மூட்டில் வலிதான் இருக்கிறது. ஆனாலும் கண்மாய் வேலையில் கஞ்சி குடித்துவிட்டு உடைமர நிழலில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது 'பசை' என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேரும் ஒன்றாக மூக்கைச் சுளிக்கிறீர்கள். அந்த மூக்குகளை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு வாரம். அதற்குள் அம்மா என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நம் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஆபீஸ் என்றுதானே பெயர். ஏழு வயதிலேயே ஆபீசுக்குப் போனவள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், கலெக்டருக்குத் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு நாற்காலி போடுகிறார்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

நம் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறவள் ஒருத்திதான். வடை மடித்து வந்த தாளாக இருந்தாலும், கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிப்பாள். முன்னால் புரட்டிப் பார்க்க மாட்டாள். கடைசியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "வரும்போது வரும், பேசாம இருங்க" என்பாள். இதையும் அவள் கையில்தான் கொடுத்திருக்கிறேன். அவள் குணம் மாறவில்லை என்ற தைரியத்தில்தான் கொடுத்தேன்.

நான் சொல்லப் போவது என் பத்தாவது வயதில் வந்த ஒரு கோடையைப் பற்றி. அந்த வருஷம் மழை இல்லை. கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் காலை விட்டால் முட்டி வரை போனது. பருத்தி போட்டவர்கள் காய்ந்த செடியை, வெறும் மாரைத்தான் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். காட்டில் வேலை இல்லாததால் ஊரே ஆபீசுக்கு வந்துவிட்டது. எங்கள் கொட்டகையில் இரண்டு வேலை நடக்கும். பெட்டி ஒட்டுவது ஒன்று. குச்சி அடைத்து வருகிற பெட்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, கழிவுத் தாளால் சுற்றி, அதற்கு மேல் லேபிள் ஒட்டுவது இன்னொன்று.

பசை காய்ச்சியது பெரியம்மா. யாருக்கும் சொந்தப் பெரியம்மா இல்லை, கொட்டகைக்கே பெரியம்மா. மைதாவைக் கரைத்து, அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டுவாள். பிள்ளைகள் பசையை நக்கித் தின்றுவிடக் கூடாது என்று அதில் மயில்துத்தம் போடுவார்கள். அப்படியும் நக்கினோம். அந்தக் கசப்பு மத்தியானக் கஞ்சி வரைக்கும் நாக்கில் நிற்கும். துத்தமும் பெட்டியின் ஊதாத் தாளும் சேர்ந்துதான் நம் விரலுக்கு அந்த நீலம். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் கையைப் பார்த்து, இது ஆபீஸ் பிள்ளை என்று இலையைக் கடைசி வரிசையில் போடுவார்கள்.

சுற்றுகிற கழிவுத் தாள் சிவகாசி அச்சாபீசுகளிலிருந்து மூட்டையாக வரும். மூன்று கண் விழுந்துபோன காலண்டர் சாமி, முகமெல்லாம் பச்சை ஏறிய சோப்பு லேபிள் பொம்பளை, பாதிவரை சிவந்து மீதி வெளுத்த கிளி. நல்லதாக அச்சானதெல்லாம் எங்கெங்கோ போக, கெட்டதெல்லாம் எங்களிடம் வரும். நாங்களும் அந்த வகைதான் என்பதால் ஒட்டிக்கொண்டோம்.

அப்படி வந்த மூட்டையில்தான் அவன் இருந்தான்.

பாய் அகலத்துக்கு ஒரு தாள். ஒரு பக்கம் முழுக்கப் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. படப் பக்கத்தில் எட்டுப் பெரிய கட்டம். கீழ் வரிசை நான்கும் நேராக இருந்தன, மேல் வரிசை நான்கும் தலைகீழாக நின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஆள். கறுப்பு உடுப்பு, பூட்ஸ் கால், சுருட்டை முடி, வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் தீ. மூட்டை முழுக்கத் தேடினேன். அந்த மாதிரித் தாள் அது ஒன்றுதான்.

புத்தகத்தை எப்படி அச்சடிக்கிறார்கள், எப்படி மடித்து எப்படி வெட்டுகிறார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? தாள் எப்படி வந்ததோ அப்படியே கதை என்று நினைத்தேன். கீழ் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்தேன். பிறகு தாளைத் திருப்பிப் பிடித்து, தலைகீழ் வரிசையை நேராக்கி அதையும் இடமிருந்து வலமாகப் பார்த்தேன். கதை கச்சிதமாக இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து நாற்பது பெண்டுகளுக்கு அதைச் சொன்னேன்.

முதல் கட்டத்தில், குச்சிக்கு மருந்து கலக்குகிற நம் ஆபீஸ் மருந்தறை மாதிரி ஓர் அறையில் சீசா வெடித்து அவன் விரலில் தீப்பிடிக்கிறது. விரல் எரிகிறது, ஆனால் வேகவில்லை. இரண்டாவதில் விளக்குக் கோபுரத்திலிருந்து கடலில் விழுந்து செத்துப்போகிறான், விரல் அணைந்துவிடுகிறது. மூன்றாவதில் கரையில் ஒரு பெண் அவனைத் தூக்கி நிறுத்துகிறாள். அவளுடைய முகமூடி அவன் கையில் இருக்கிறது. நான்காவதில் மறுபடியும் விரலில் தீயோடு அவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். தாளைத் திருப்பினால், அந்தப் பெண் முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வருகிறாள். புதுப் பெண்ணுக்கு வெட்கம், முகத்தை மூடிக்கொண்டாள் என்று சொன்னேன். அடுத்ததில் இருவரும் படகில் போகிறார்கள். அடுத்ததில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தி வைத்திருக்கிறாள். விரலில் தீ வருகிறவனுக்கு நகம் வளர்ந்தால் கருகி நாறும், அதனால் அவன் நகத்தை வெட்டிவிடுகிறாள் என்றேன். கடைசியில் ஒரு குடிசையில் விரலால் அடுப்புப் பற்றவைக்கிறான். குடும்பம் ஆகிவிட்டது, சுபம்.

பெரியம்மா துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏட்டி, இவன் நம்ம ஊருக்கு வந்தா ஆபீஸ மூடிட்டுப் போக வேண்டியதுதான். விரல்லயே தீ இருந்தா பெட்டி எதுக்கு, குச்சி எதுக்கு?"

"வரட்டும் பெரியம்மா. நமக்கு லீவு கெடைக்கும்லா."

"லீவு கெடைக்கும். கஞ்சி யாரு ஊத்துவா, உன் குச்சி மாமனா?"

அன்றைக்கு வைத்த பெயர்தான் குச்சி மாமன். அதற்குப் பிறகு எல்லோரும் அவனை என் மாமன் என்றே சொன்னார்கள். நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் பசை வைத்து அவனைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். தினமும் ஒரு தடவை கதை கேட்பார்கள். நானும் தினமும் ஒரு சங்கதி கூட்டுவேன், ஒரு நாள் படகில் புயல், ஒரு நாள் குதிரைக்குக் காய்ச்சல். புதிதாகக் கல்யாணமான அக்கா ஒருத்தி, "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, எங்க வீட்டு ஆளுக்கு இதுல பாதி இருந்தாலும் போதும்" என்று அவன் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினேன். எனக்கு அப்போதே பொறாமை நன்றாக வரும், அதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

அவனை மாதிரி ஆக வேண்டும் என்று ஒரு நாள் மருந்து முக்குகிற அறைக்குள் நுழைந்து ஆட்காட்டி விரலை மருந்தில் முக்கினேன். காய வைத்து, பெட்டி ஓரத்தில் உரசினேன். குச்சி மாமனுக்கு வேகாத விரல் எனக்கு வெந்தது. நான் குச்சி திருடப் போய் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து அம்மா முதுகில் நாலு வைத்தாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. திருடி என்ற பெயர் பரவாயில்லை, ஒரு படத்தில் இருக்கிறவனுக்காக விரலைச் சுட்டுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது பேனா அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கோடை லீவு விட்டதும் மதினி வந்தாள். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இருந்த என் மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். லீவு முடிந்ததும் ஏழாம் வகுப்பு. அவர்கள் காட்டிலும் விளைச்சல் இல்லாததால், ஒரு மாசம் பெட்டி ஒட்டட்டும் என்று மாமா கொண்டுவந்து விட்டார்.

ஆமாம் பெண்டுகளே, இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். மதினி, நிறுத்திக் கனைக்காதே, வாசி. உனக்காக நல்லதாக நாலு வார்த்தை இதில் எழுதியிருக்கிறேன். எங்கே என்று தேடிக்கொண்டே வா.

மாமா வரும் வழியில் கடம்பூரில் போளி வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்தபோது நெய் வாசம் வீடு முழுக்கப் பரவியது. அம்மா மதினிக்கு முழுப் போளி கொடுத்தாள், எனக்குப் பாதி. "அவ விருந்தாளிட்டி" என்றாள். விருந்தாளி எங்கள் வீட்டில் தின்ற போளியோடு நின்றிருந்தால் இன்றைக்கு நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மறுநாள் கொட்டகைக்கு வந்தவள் முதலில் சுவரைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத யாரு பாதி தலைகீழா ஒட்டினது?"

"அது அப்படித்தான் மதினி. பாதிக் கதை நேரா போவும், பாதிக் கதை திரும்பி வரும்."

"கதை எங்கயாச்சும் தலைகீழா போவுமா? பக்கம் மாறிக் கெடக்கு. மூலையில நம்பர் இருக்கு பாரு. நாலு, பதிமூணு, பதினாறு, ஒண்ணு. இது மடிச்சு வெட்டாத தாளு. மடிச்சு வெட்டினாத்தான் வரிசைக்கு வரும்."

எனக்குப் பெட்டி எண்ணத் தெரியும். எழுதி வைத்த எண் தெரியாது. அந்த மூலைகளில் இருந்ததை அதுவரை பூச்சி எச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஈரத் துணி வைத்து அவளே சுவரிலிருந்து உரித்தாள். மடித்தாள், இன்னொரு தரம் மடித்தாள், மூன்றாம் தரமும் மடித்தாள், லேபிள் வெட்டுகிற கத்தியால் மடிப்பில் ஓட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நிற்க என் குச்சி மாமன் எட்டுத் துண்டாகப் போனான். ஊசி நூல் இல்லாததால் தைக்கவில்லை. வரிசையாக அடுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்தாள்.

மத்தியானக் கஞ்சி நேரத்தில் முதல் தாளை எடுத்து வாசித்தாள். நான் நான்காவதாகச் சொன்ன படம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறானே, அதுதான் முதலாம்.

"'அக்கினிக் கரத்தான்'னு போட்டிருக்கு. அதான் அவன் பேரு."

"பேரு கம்பீரமாத்தான் இருக்கு" என்றாள் பெரியம்மா. அவள் வைத்த பெயரையே அவள் மறந்துவிட்டாள்.

அந்தக் குரலையும் சொல்ல வேண்டும். நான் கதை சொன்னால் சிரித்துக்கொண்டே பெட்டி ஒட்டுவார்கள். அவள் வாசித்தால் கை நின்றுவிடும். எழுத்தைப் பார்த்து வருகிற குரலுக்கு ஒரு மிடுக்கு இருந்தது, அது பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தார்கள். என் பக்கம் சுவரில் நாலு பசைத் தடம்தான் மிச்சம்.

ஆனால் தாளுக்கு மறுபக்கம் வெள்ளை இல்லையா? முதல் பக்கம் வாசித்தால் அடுத்த இரண்டு பக்கம் கிடையாது.

"மொதப் பக்கம் முடிஞ்சுது. அடுத்தது நாலு. அவன் விரல்ல தீப்பிடிக்கு."

"ரெண்டுலயும் மூணுலயும் என்ன ஆச்சு?" என்றாள் பெரியம்மா.

"தெரியாது. வெள்ளையா இருக்கு."

"தெரியாதுன்னா எப்படிம்மா? ஆறாங்கிளாஸ் படிச்ச பிள்ளை."

"எனக்குத் தெரியும்" என்று நான் எழுந்தேன். "ரெண்டுல அவன் வேலைக்குப் போறான். மூணுல கணக்கப்பிள்ளை அவன வையுதான். அந்தக் கோவத்துலதான் சீசாவைத் தட்டிவிடுதான்."

கொட்டகை சிரித்தது. கணக்கப்பிள்ளை வெளியே காதில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. "அச்சடிச்சதுதான் கதை. இல்லாதத சொல்லாதட்டி" என்றாள்.

"ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்களேன். எழுத்து உள்ளத நீ சொல்லு, வெள்ளைய அவ சொல்லட்டும்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்.

நாலு நாள் அப்படி நடந்தது. அவள் இரண்டு பக்கம், நான் இரண்டு பக்கம். பெட்டி ஒட்டிய அத்தனை வருஷத்திலும் அந்த நாலு நாள் மாதிரி வேறு நாள் எனக்கு வாய்க்கவில்லை. அதை அப்போதே உணர்ந்து சந்தோஷப்பட்டிருக்கலாம். நானோ, கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவர்கள் அவளை எத்தனை பேர் மெச்சினார்கள், என்னை எத்தனை பேர் மெச்சினார்கள் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. முகமூடிக்காரி அவன் கையைப் பிடித்துக் கத்தி வைத்திருக்கிற படம். மதினி குரலை இறக்கி வாசித்தாள். "'உன் விரலை வெட்டி எறிந்துவிட்டால், அதோடு உன் ஆட்டம் முடிந்தது.'"

குச்சி மாமன் கன்னத்தைத் தொட்ட அக்காதான் தொடங்கினாள். "நகம் வெட்டுதாளாம்லா, நகம்."

கொட்டகை முழுக்க உருண்டு புரண்டு சிரித்தார்கள். பசைச் சட்டி ஒன்று கவிழ்ந்தது. "ஏட்டி இங்கன வா, உனக்கும் நகம் வெட்டி விடுதேன்" என்று ஒருத்தி கத்தியைத் தூக்கிக் காட்டினாள். மதினி சிரிக்காமல் சொன்னாள், "அவ பொண்டாட்டி இல்லட்டி, எதிரி. உன்னைய மாதிரி படத்த மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும்." சிரித்தவர்களை அப்போதே மன்னித்துவிட்டேன். இவள் சிரிக்காமல் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பதிமூன்றாம் பக்கத்தில் அவன் கடலில் விழுந்தான். "நாளைக்குக் கடைசிப் பக்கம்" என்று சொல்லி மதினி தாளை அடுக்கினாள்.

"அதுல அந்தப் பிள்ளை அவனத் தூக்கி விடுதாள்லா. முகமூடி அவன் கையில இருக்கு, நான் பாத்தேன்" என்றேன்.

"அது வேற பொம்பளையா இருக்கும். முகமூடிக்காரியக் கொன்னுட்டு முகமூடிய வச்சிருப்பான். எழுத்துல என்ன இருக்குன்னு நாளைக்குப் பாப்போம்."

"இப்பவே பாரேன்."

"கடைசிய முன்னாடியே படிச்சா கதைக்கு என்ன மரியாதை?"

அந்தப் படம் எனக்கு உயிர். அவன் செத்துப் பிழைத்து எழுந்து நிற்கிற இடம். அவன் வாய்க்குப் பக்கத்தில் ஒரு வட்டம், அதற்குள் பத்து எழுத்து. என்ன எழுத்து என்று தெரியாமலே, பசை காயும் நேரத்தில் குச்சியால் மண்ணில் அதை வரைந்து வரைந்து பழகியிருந்தேன், கோலம் பழகுவதுபோல. நாளைக்கு அவள் வாயைத் திறந்தால் அந்தப் பத்து எழுத்தும் எனக்கு எதிராகத் திரும்பிவிடும், நகம் வெட்டியது விரல் வெட்டியதாக ஆன மாதிரி. அதன் பிறகு அவன் எனக்குக் கொஞ்சமும் மிஞ்ச மாட்டான்.

சாயங்காலம் எல்லோரும் கை கழுவப் போனார்கள். செங்கல்லைத் தூக்கினேன். எனக்கு எண் வேண்டாம், படம் போதும். அந்த ஒரு தாளை உருவி, நாலாக மடித்து, பன்னிரண்டு பெட்டிக்கு நடுவில் வைத்து, தாள் சுற்றி, மேலே லேபிள் ஒட்டினேன். அதை மற்றக் கட்டுகளோடு அடுக்கில் வைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு நேர்த்தியாக நான் லேபிள் ஒட்டியதே இல்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார்கள். மதினி செங்கல்லைத் தூக்கினாள், எண்ணினாள், மறுபடி எண்ணினாள். கதையை நீயே முடித்துச் சொல்லேன் என்றார்கள். "படிக்காதத நான் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுக்கின் மேலிருந்த கண்ணைப் பறித்து, கஞ்சிக்குள் வெங்காயம் தேடினேன்.

அவள் நேராக அடுக்குக்குப் போய்க் கட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். லேபிளைக் கிழித்தாள், உள்தாளைக் கிழித்தாள், பெட்டிகளைக் கொட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து, முப்பது. யார் கையைப் பிடித்தும் நிற்கவில்லை. கணக்கப்பிள்ளை வந்தபோது முழங்கால் உயரத்துக்குத் தீப்பெட்டி கிடந்தது, நடுவில் அவள் நின்றாள்.

"யாரு பிரிச்சது?"

"நான்தான் அண்ணாச்சி. இவ கடைசிப் பக்கத்த உள்ள வச்சு ஒட்டிட்டா."

"நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா இவதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ எடுத்தியா?"

என் வாயிலிருந்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. "எனக்கு எழுத்தே தெரியாதே அண்ணாச்சி. எது மொதப் பக்கம், எது கடைசிப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒரு தாளை எடுத்து மூலையில் இருந்த எண்ணைக் காட்டினார். "இது எத்தனை?"

பார்த்தேன். "தெரியாது."

அது சத்தியமான பதில். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் அம்மாகூட ஆட்டினாள். "எழுத்துத் தெரியாத பிள்ளை தாள எடுத்து என்ன செய்யப் போவுது?" என்றார் கணக்கப்பிள்ளை. "எல்லாம் படிச்ச பிள்ளையோட வேலை. தொலைச்சதும் இவ, கெடுத்ததும் இவ." மீதி ஏழு தாளையும் வாங்கி, பசை அண்டாவுக்குக் கீழே எரிந்த அடுப்பில் போட்டார். அக்கினிக் கரத்தான் நம்மைப் போலவே சாதாரணமாக எரிந்து போனான்.

நான் தப்பித்துவிட்டேன். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திருடுகிற அளவுக்குக்கூட எனக்கு மூளை இல்லை என்று நாற்பது பேர் ஒரே மனதாகச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா ஒருத்தி மட்டும் துடுப்பை நிறுத்தி, சுவரில் இருந்த நாலு பசைத் தடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிண்ட ஆரம்பித்தாள்.

சொல்லி அனுப்பி மாமா வந்தார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் பேசினார். "படிப்பு ஏறி மண்டை கெட்டுப் போச்சு தங்கச்சி. ஒரு தாளுக்காவ ஆபீஸையே கலைச்சிருக்கா. இனிமே என்ன பள்ளிக்கூடம்? இங்கனயே ஒட்டட்டும். நாசம் பண்ணினதுக்கும் ஈடாவும்."

மதினி அழவில்லை. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். இரண்டு மாசத்தில் அவள் விரலும் என் விரலும் ஒரே நீலம். அந்தப் பக்கத்தை அவள் வாசிக்காமல் இருக்க நான் செய்த காரியம், அவளை என் பக்கத்திலேயே பதினோரு வருஷம் உட்கார வைத்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், முடிந்திருக்கும்.

கதை சொல்வதையும் நான் விட்டுவிட்டேன். பெரியம்மாதான் ஒவ்வொரு கோடையிலும் கேட்பாள், "ஏட்டி, அந்தக் குச்சி மாமன் கடல்ல விழுந்தானே, என்னதான் ஆனான்?" மதினி, "தெரியாது பெரியம்மா" என்பாள். நான் பசை தொடுவேன். அவனைக் கடலிலேயே விட்டுவிட்டுத்தான் பெரியம்மா போய்ச் சேர்ந்தாள்.

அவள் பிரிக்காமல் விட்ட அந்தக் கட்டு லாரி ஏறி வடக்கே எங்கேயோ போயிருக்கும். யாரோ ஒரு பொம்பளை அடுப்படியில் அதைப் பிரித்திருப்பாள். அவளுக்கு நம் எழுத்துத் தெரிந்திருக்காது. அவளும் என்னைப் போலப் படத்தைத்தான் பார்த்திருப்பாள். அவள் என்ன கதை சொன்னாளோ, அவள்மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

முப்பத்தைந்து வயதில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று சாயங்கால வகுப்பு வந்தது. நீங்களும் வந்தீர்கள், சுண்டல் நின்றதும் நின்றுவிட்டீர்கள். நான் நிற்கவில்லை. அறிவு வளர வேண்டும் என்று அல்ல, மதினிக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும் என்றுதான்.

முதல் வாரம் சிலேட்டில் 'இ' போட்டார்கள். முட்டைமேல் குந்திய கோழி மாதிரி. இந்தக் கோழியை எனக்குத் தெரியும். நான் மண்ணில் வரைந்த பத்துக் கோலத்தில் முதல் கோலம் இது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. தலையில் சுழி வைத்தது ஒரு நாள், மேலே புள்ளி வைத்தது ஒரு நாள். புதிதாக ஒன்று தெரிந்தால், மண்டைக்குள் இருந்த அந்த வட்டத்தில் ஒரு இடம் வெளிச்சமாகும். மழைக்காலம் முழுக்க ஆனது. கடைசியாகத் துணைக்கால் வந்த அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பத்தையும் சாக்கட்டியால் வரைந்தேன். வரைந்ததை முதல் முறையாக வாசித்தேன்.

அந்த முகமூடிக்காரியைப் பார்த்துத்தான் அவன் பேசியிருந்தான். நான் சொன்னதுதான் சரி. அன்றைக்கு மதினி அதை வாசித்திருந்தால், அவள் வாயாலேயே நாற்பது பேர் முன்னால் நான் ஜெயித்திருப்பேன். நகம் வெட்டிய சிரிப்பெல்லாம் அவர்கள் தொண்டையிலேயே நின்றிருக்கும். மதினியும் ஏழாம் வகுப்புக்குப் போயிருப்பாள். என்னை ஜெயிக்க வைக்க இருந்த ஒரே தாளை, நானே பசை தடவி லாரி ஏற்றியிருக்கிறேன்.

ஜெயித்ததைச் சொல்ல வேண்டும் என்றால் திருடியதைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக இந்த ஒரு கணக்குத்தான் எனக்குத் தீரவில்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு அவள் மருந்துச் சீட்டு வாசித்தாள், ரேஷன் அட்டை வாசித்தாள், என் மகளுக்கு வந்த கடிதத்தை வாசித்தாள். ஆறாம் வகுப்பை வைத்துக்கொண்டு ஊருக்கே வாசித்தாள். ஏழும் எட்டும் கிடைத்திருந்தால் எங்கே இருந்திருப்பாளோ, நிச்சயம் இந்த உடைமரத்தடியில் மண் சட்டியோடு இருந்திருக்க மாட்டாள். அவள் கண்ணாடியைப் பார்த்து நான் பொறாமைப்படும்போதெல்லாம் இதுவும் கூடவே வரும்.

அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் உங்களில் மூன்று பேர் உண்டு. எழுத்துத் தெரியாத பிள்ளை என்று தலையாட்டிய மூன்று பேரும் இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்தான் எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன்.

மதினி, நீ வரிசையாகத்தான் படிப்பாய், அதனால் இங்கே வந்து சேர்ந்திருப்பாய். நல்லதாக நாலு வார்த்தை என்று சொன்னேனே, அது நான் சொன்னது இல்லை, அவன் சொன்னது. நீ என் பக்கத்தில் பெட்டி ஒட்ட வந்து உட்கார்ந்த ஜூன் மாசமே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான், அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பதினாறாம் பக்கம், அவன் வாய்க்குப் பக்கத்தில் இருந்த வட்டம். சத்தமாக வாசி, எல்லாரும் கேட்கட்டும்:

"இனி நீயும் என்னோடு வா."

வாசித்தாயிற்றா. கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதே, இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதையும் உன் வாயாலேயே சொல்லிவிட்டுத் துடை.

அவள் அவன் நகத்தைத்தான் வெட்டினாள்.